உன் அக்கா காருக்கு வந்த புது மூளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்கா என்னைவிட நலம். அதனால்தான் இந்தக் கடிதம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவன் வீட்டில் வெடியைப் பற்றவைத்துவிட்டு மலைமேல் குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பவனுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்?

வெடி என்று நான் சொல்வது நீ பார்சலில் அனுப்பிய அந்தக் கறுப்புப் பெட்டியை. எங்கள் காரின் சொந்தக் கம்ப்யூட்டர் கருகிப்போனதும், அந்தப் பாகத்தை இப்போது யாரும் செய்வதில்லை என்று மெக்கானிக் கைவிரித்ததும் உனக்குத் தெரியும். நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. கார் ஷெட் காலியாகும், அங்கே ஒரு ஊஞ்சல் நாற்காலியை மாட்டிக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளும்படி பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டேன். காது ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் அக்கா அதிகம் பேசுவதே இல்லை. சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்குவாள், பிறகு நிறப்படி அடுக்குவாள். அந்தக் காரில்தான் அவள் வண்டி ஓட்டவே பழகினாள், அதில்தான் வேலைக்குப் போய் வந்தாள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் உனக்குப் போன் போட்டாள். நீ, "வேற கம்பெனி கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்குக்கா, நாமளே டியூன் பண்ணிக்கலாம்" என்று சொன்னாய். நல்லா இருப்பா நீ!

பெட்டி வந்த அன்றே என்னிடம் வந்து நின்றாள். "சனிக்கிழமை இந்த வண்டி தண்ணித் தொட்டி மேட்டை நிக்காம ஏறிடுச்சுன்னா, இது இங்கதான் இருக்கும். ஏறலன்னா நானே சாவியைக் கொடுத்துடறேன்." உடனே திரும்பிக்கொண்டு பானெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த மேட்டைப் பார்த்தால் லாரிகளே பெருமூச்சு விடும். நானும் தைரியமாகச் சரி என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குப் பச்சைக் குழந்தைபோல ஒன்றுமே தெரியாதாம். எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி, எல்லாம் நாம்தான் லேப்டாப் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். முதலில் பொறியின் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி கிளம்பிவிட வேண்டும் என்றாள். மாப்பிள்ளை, பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராகவே தலை நரைத்தவன் நான். நேரத்துக்கு முன்னால் வண்டியைக் கிளப்பிய டிரைவர்களுக்கெல்லாம் மெமோ கொடுத்தவன். முன்னால் கிளம்புவதுதான் முறை என்று என் வீட்டு ஷெட்டிலேயே எனக்குப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்?

அதைச் சோதிக்க டைமிங் லைட் என்று துப்பாக்கிபோல ஒன்று. இஞ்சின் ஓடும்போது, பொறிக்கு ஒருமுறை மின்னுகிற அதன் வெளிச்சத்தை முன்பக்கத்துப் புல்லிச் சக்கரத்தில் அடித்தால், தலைதெறிக்கச் சுற்றுகிற புல்லி அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறது. அதில் உன் அக்கா நகப்பூச்சால் இழுத்த வெள்ளைக் கோடு, பக்கத்தில் இருக்கிற அளவுத் தகட்டில் பத்து டிகிரிக்கு நேராக வர வேண்டும். வந்தால் பெட்டி நினைப்பதும் இஞ்சின் செய்வதும் ஒன்று. காருக்குள் லேப்டாப்பில் எண்ணை மாற்றிக்கொண்டு அவள், பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நான், நடுவில் இஞ்சின் போடுகிற கூச்சல். கோடு பத்துக்குக் கிட்டவே வரவில்லை.

"பத்தல!" என்று கத்தினேன்.

"பத்தா?"

"பத்தல! பத்தல!"

"சரி சரி, பத்து! வெச்சுட்டேன்!"

இஞ்சினை அணைத்துவிட்டு, வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறவன்போல வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் வந்தோம். அங்கே ஓட்டப் பந்தயம். பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள், விளையாட்டு வாத்தியார் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். எங்கள் சைலன்சர் "டமார்" என்றது. பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். வாத்தியார் "நில்லுங்க, நில்லுங்க" என்று பின்னால் ஓடுகிறார், இன்னொரு டமார். அடுத்த பந்தயத்துக்குக் காத்திருந்த கூட்டமும் ஓடிவிட்டது. பொறி பிந்திப் போனால் மிச்சப் பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரியுமாம். எனக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. வாத்தியார் மூச்சிரைக்க எங்கள் ஜன்னலுக்கு வந்து, "சார், யாரு ஜெயிச்சதுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். ஷெட்டில் சண்டை ஆரம்பித்தது.

"நீங்கதானே பத்துன்னீங்க?"

"நான் எங்க பத்துன்னேன்? பத்தல, பத்தலன்னு தொண்டை கிழியக் கத்தினேன்!"

அவள் என்னைப் பார்த்தாள். "பத்தலையா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஊருக்கே காது டெஸ்ட் பண்ணினவ நான்!" என்று சொல்லிச் சொல்லி, நிற்க முடியாமல் ஷெட் படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். மாப்பிள்ளை, அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இனிமே 'போதாது'ன்னு சொல்லுங்க" என்று உத்தரவு. போதாது, போதாது என்று நான் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளைக் கோடு மெல்ல நகர்ந்து பத்துக்கு நேராக வந்து நின்றது. இஞ்சினின் குரலே மாறிவிட்டது. வயிறு நிறைந்த பூனைபோல ஒரு சத்தம்.

சனிக்கிழமை இரும்புக்காரர் இழுவை வண்டியோடு வந்தார். சாட்சிக்கு என்று அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்தாள். லேப்டாப் என் மடியில். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். இஞ்சின் அந்த நேரத்தில் எந்தக் கட்டத்தில் ஓடுகிறதோ அது பச்சையாக மின்னும். மேட்டில் பாதி தூரம் ராஜநடை. அதற்கப்புறம் வண்டி தடுமாறியது, இருமியது, வேகம் விழுந்தது. "பெட்ரோல் பத்தாம தவிக்குதுங்க! பச்சைக் கட்டத்துல கூட்டுங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும், ஷெட் என்னுடையது. ஆனால் விரல் என்னைக் கேட்காமலே போய்க் கூட்டல் பொத்தானை அமுக்கிவிட்டது. ஒருமுறை இல்லை, தடதடவென்று பலமுறை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுச் சீறிக்கொண்டு ஏறியது பார்! பின் சீட்டில் இரும்புக்காரர் "ஏறும்மா, ஏறும்மா!" என்று கைதட்டுகிறார். உச்சியில் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, உன் அக்கா ஹாரனை விடாமல் அடித்தாள். அவர் திரும்பிப் போகும்போது, இதைப் போய் உடைக்கிறதாவது என்று என்னைத்தான் திட்டினார்.

ஆகவே மாப்பிள்ளை, இதற்கெல்லாம் நீதான் பொறுப்பு. இந்த வயதில் எனக்கு அமைதி வேண்டும். காரிலும் கம்ப்யூட்டரிலும் எனக்கு எள்ளளவும் ஈடுபாடு கிடையாது. நீ உடனே இறங்கி வந்து, உன் அக்காவிடம் பக்குவமாகப் பேசி, அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கான ஆசியை, பெட்டி இந்த வீட்டைவிட்டுப் போனதும் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், படிக்காமலா போடுவேன்? ஒரு வார்த்தையையும் நம்பாதே. சனிக்கிழமையிலிருந்து லேப்டாப்பை என் கண்ணிலயே காட்டலை. காலையில காய்கறி வாங்கப் போறேன்னு காரை எடுத்துட்டுப் போனவர் வெறுங்கையோட வந்து, "இன்னும் ரெண்டு டிகிரி கொடுத்தா வண்டி பறக்கும்"ங்கறார். ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வர்றோம். அவர்தான் ஓட்டுவாராம். வாசல் கேட்டைத் திறந்தே வை, பின்பக்கக் கேட்டையும் சேர்த்து. பிரேக்கை இன்னும் நாங்க பார்க்கலை.