கோழிக்கா, எனக்கா?

அறுபது வயதுவரை வெளியாட்களிடம் நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். யார் வந்தாலும் குரல் மட்டும் போகும், நான் போகமாட்டேன். அந்தக் கூச்சத்தால் ஒரு நாள் ஆபிசர் அம்மாவின் காலையே ஒடிப்பதாகச் சொல்லவேண்டி வந்தது.

கடையில் உரம் கிடைக்காமல் எல்லாரும் தவித்த வருஷம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் நான் கூட்டுப்பசளைக் குவியல் போட்டிருந்தேன். காட்டுச் சூரியகாந்தித் தழை, சமையல் கழிவு, அடுத்த லயத்தில் கேட்டு வாங்கிப் பழைய கொழுந்துக் கூடையில் சுமந்துவந்த சாணி. போஞ்சிக் கொடி கூரையேறியது. நல்ல வீட்டுத்தோட்டத்துக்குக் கறவைப் பசு ஒன்று தருவதாக விவசாய ஆபிசில் சொன்னார்கள். பசு வந்தால் சாணிக்காக யார் வாசலிலும் நிற்கவேண்டாம். எனக்குத் தூக்கம் போனது.

ஆனால் அதற்கான படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று என் வீட்டுக்காரர் பெயர். தலைவருக்குக் குவியல் இருக்கும் திசைகூடத் தெரியாது. (வேலை செய்த காலத்திலும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டுப் பகலிலேயே வந்து படுப்பார். நான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை குறட்டைதான்.)

நுவரெலியாவிலிருந்து தோட்டத்தைப் பார்க்க ஆபிசர் அம்மா வந்தார். நான் குசினிக்குள்ளே ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். வெளியே ஜன்னலில் சாய்ந்தபடி வீட்டுக்காரர். நான் கிசுகிசுக்க, அவர் உரக்கச் சொல்லவேண்டும். அதுதான் ஏற்பாடு.

“என்னென்ன போடுவீங்க ஐயா?”

“தழ, சாணி, சாம்பல்” என்றேன்.

“தழ, சாணி, சாம்பல்!” என்றார், ஸ்கூல் பிள்ளை மாதிரி.

“எப்பக் கிளறுவீங்க?”

“வாரத்துக்கு ஒருக்கா.”

“வாரத்துக்கு ஒருக்காங்க!”

ஆபிசர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பசு பாதி வழி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“பதம் வந்திருச்சுன்னு எப்படித் தெரியும்?”

அந்த நேரம் பார்த்து என் கருப்புக் கோழி உள்ளே வந்து சுளகு அரிசியில் வாய் வைத்தது.

“போடி மூதேவி! இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்தே, கால ஒடிச்சிருவேன்!”

வெளியே வீட்டுக்காரர் கணீரென்று, மரியாதையும் சேர்த்து:

“போடி மூதேவி! இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, கால ஒடிச்சிருவேங்கம்மா!”

மெல்ல எட்டிப் பார்த்தேன். ஆபிசர் அம்மாவின் பேனா தரையில் கிடந்தது. தன் வாயிலிருந்தா அது வந்தது என்று வீட்டுக்காரர் வாயைப் பொத்தி நின்றார்.

பசு திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. கோழியை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

“இதுக்குச் சொன்னதுங்க! உங்களுக்கில்லீங்க!”

“சொன்னது யாரு?”

“நான்தாங்க.”

“அப்ப பசளை போடுறது?”

தலை குனிந்தேன். “அதுவும் நான்தாங்க.”

“பதம் எப்படித் தெரியும்? இப்ப நீங்க சொல்லுங்க.”

“கைய உள்ள விட்டா சூடு ஆறியிருக்கணும். சாணி நாத்தம் போயி, மழை பேஞ்ச மண்ணு வாசம் வரணுங்க.”

அவர் பேனாவைப் பொறுக்கி, படிவத்தில் ஒரு பெயரை வெட்டினார். “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டபோது எனக்கு என் பெயரே உடனே வரவில்லை.

பசு வந்து இரண்டு கன்றும் போட்டுவிட்டது. வீட்டில் யார் யாரை ஏசினாலும், “கோழிக்கா, எனக்கா?” என்பதுதான் பதில்.

நேற்றுகூட, “போய்க் குவியலைக் கிளறுங்க” என்றேன்.

“கோழிக்கா, எனக்கா?” என்றார் வீட்டுக்காரர்.

கோழி அடைகாக்கிறது. அவர்தான் எழுந்து போனார்.