நூலக வாசலில் ஆர்லோ கதவு தாங்கிய படலம்

வாழி ஆர்லோ! ஏரிக்கரை தொட்டு நூலகம் வரை இருநூறு படியேறிய பெருந்தோளன், மினசோட்டாக் குன்றின்மேல் வீற்றிருக்கும் கல்லூரியின் முதலாண்டுச் சிங்கம், ஒன்பதாம் பக்கத்துக்கு அப்பால் ஒரு வரியும் வாசித்தறியாத வாசகர் திலகம்! அவன் புகழ் பாட என் நாவில் வந்து அமர்க, குளிர்நீர் ஏரியின் அதிதேவதையே!

அவ்வாண்டு கல்லூரியார் தண்ணீரையே பொருளாக வரித்து, அனைவரும் ஒரே புத்தகத்தை வாசித்துப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை வரைக, அன்றேல், தொலைதூரம் நீர் சுமப்போர் படும் பாட்டை உடம்பால் உணரும்பொருட்டு, ஏரியில் ஒரு வாளி மொண்டு, உள்ளே தீட்டிய செங்கோட்டுக்குக் குறையாமல், எங்கும் தரையில் வையாமல், வெள்ளி நண்பகல் மணிக்கு முன் நூலகத்துக்குள் கொணர்க என்று ஆணையிட்டனர். கட்டுரை என்றால் நாலு நாள் விடுமுறையும் போச்சு, அம்மா வைக்கும் காட்டரிசி சூப்பும் போச்சு. அதற்காகத்தான் ஐயா இத்தனை வீரமும்!

புறப்பட்டான் ஆர்லோ. தோள் விம்ம, விரல் வெளுக்க, மூச்சையும் அளந்து விட்டு ஏறினான்.

"டேய், வாளியத் தூக்கிட்டு வர்றியா, தூங்குற கொழந்தையத் தூக்கிட்டு வர்றியா?" என்று பின்னாலிருந்து கூவினான் அறைத்தோழன் காஸ்பர்.

அடுத்த படியில் கால் வைத்தான் மாவீரன். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு, உடன் வாளி சுமந்த நாற்பது பேருக்கும் முந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் நூலகத்தின் கருங்காலிக் கதவை முழங்கையால் கொளுவி இழுத்துத் திறந்தான். வென்றான் என்றே நானும் நினைத்தேன்.

அந்தோ! இருபதடி பின்னால் ஒருத்தி வாளியோடு வந்தாள். பின்னே வருபவர் முகத்தில் கதவு சாத்துவது அந்நாட்டில் பெற்ற தாயும் பொறுக்காத பாவம். ஆகவே வாசலுக்கு வெளியே நின்றபடி கதவுக்கு முதுகு கொடுத்து, அண்டம் அதிர முழங்கினான் அண்ணல்: "நீங்க போங்க, நான் பிடிச்சுக்கறேன்!"

"ஐயோ, ரொம்ப தேங்க்ஸ்!"

"பரவால்லங்க!"

அவளுக்குப் பின் இருவர். அவர்க்குப் பின் எழுவர். தமக்காக ஒருவன் காத்து நிற்கும் கூச்சத்தில் தொலைவிலேயே ஓடத் தொடங்கி, தம் வாளி நீரில் பாதியைத் தம் சப்பாத்துக்கே வார்த்தவர் பலர். படை படையாய் வந்தார்கள் பாவிகள்! கை மரத்தது, கதவோ யானையாய் முதுகில் சாய்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு 'பரவால்லங்க' வழங்கிச் சிவந்தது அவன் வாய்.

"நீ தெய்வம்டா!" என்று காஸ்பரும் நுழைந்தான்.

இனி எவருமில்லை என்று அவன் திரும்பிய கணத்தில், கையில் காப்பியோடு பேராசிரியை ஹால்டர்சன் அம்மையார் ஆற அமரப் படியேறி வந்தார். பிடித்தான் கதவை. அவர் வாசலைக் கடக்கையில் பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தது.

அம்மையார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "அடப்பாவமே, கோட்டுக்கு ஒரு நூல்கூடக் கொறையலையேப்பா! ஆனா மணி அடிச்சிருச்சே. நீ இன்னும் வெளியிலதானே நிக்கற?"

"பரவால்லங்க மேடம்" என்று திருவாய் மலர்ந்தான் ஆர்லோ.

சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, லீவுக்கு வரவில்லை என்று சொன்னான்.