அதாவது அக்கா ஒட்டிய அறிவிப்புகள்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாத ஒரே பிறவி எங்கள் 'அதாவது அக்கா'தான். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாலும் அவருக்கு வராது.

நான் அப்போது ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இருந்தேன். பக்கத்து மேசை அக்காவுடையது. காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவார். தமிழ் எம்.ஏ. ஆபீசிலிருந்து இங்கிலீஷில் வரும் சர்க்குலர்களைத் தமிழில் எழுதி போர்டில் ஒட்டுவது அவர் வேலை. யாராவது பேச்சில் சர்க்கரைப் பாகு தடவினால், "அதாவதுங்க..." என்று குறுக்கே புகுந்து, உள்ளே இருப்பதைப் போட்டு உடைத்துவிடுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

'பணியாளர் ஆரோக்கியம் கருதி சிற்றுண்டி வகைகள் மறுவடிவமைக்கப்படுகின்றன' என்று ஒரு முழுப் பக்கச் சர்க்குலர் வந்தது. அக்கா ஒட்டியது ஒரே வரி: "நாளையிலிருந்து வடை கிடையாதுங்க." அடுத்த வாரம் 'சுகாதார வளாகத்தில் மேம்பாட்டுப் பணிகள்' வந்தது. அக்கா எழுதினார்: "கக்கூஸ் அடைச்சுக்கிச்சுங்க. பின்னாடி கட்டடத்துக்குப் போங்க." அவசரத்தில் ஓடி வந்த பலர் அன்று பிழைத்தார்கள்.

புதிதாக வந்திருந்த ஹெச்.ஆர். மேனேஜர் சென்னைக்காரர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், கொஞ்சம் மென்மையா எழுதக் கூடாதா?"

"அதுக்குத்தானுங்க சார் கடைசியில 'ங்க' போட்டிருக்கேன்!"

மரியாதைக்கு இரண்டெழுத்து இருக்கும்போது மழுப்பல் எதற்கு? எங்கள் ஊர்ப் பேச்சின் மேல் எனக்குக் கர்வம் வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அந்தச் சர்க்குலர் வந்தது. 'எதிர்கால வளர்ச்சியை முன்னிட்டு, வைண்டிங் பிரிவுச் சகோதரிகள் புதிய வாய்ப்புகளை நோக்கி விடுவிக்கப்படுகிறார்கள்.' மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் அந்தப் பெண்களோடுதான் அக்கா தினமும் சாப்பிடுவார். அன்று சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவே இல்லை. எழுதினார்: "வைண்டிங்கில் இருக்கிற எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தப் போறோமுங்க. உங்க மேல குறை இல்லைங்க. மெஷின் வருதுங்க."

மேனேஜர் அலறினார். "இதை ஒட்டினா ஃபேக்டரியே பத்திக்கும்!"

"முதலாளி கையெழுத்துப் போட்டா ஒட்டலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா மாடி ஏறினார். துணைக்கு நானும் போனேன்.

முதலாளி படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"ஏனம்மணி, இதுல கையெழுத்துப் போட்டுப்போட்டு நான் எப்படி அவங்க மூஞ்சில முழிக்கறது?"

"இங்கிலீசுல நேத்தே போட்டுப்போட்டீங்களேங்க."

அக்காவின் வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். முதலாளி எழுந்து, படியிறங்கி நேரே வைண்டிங் பிரிவுக்குப் போனார். எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டு, அந்தத் தாளில் இருந்ததைத் தன் வாயாலேயே சொன்னார். அழுகை, கத்தல் எல்லாம் நடந்தது. "எங்களுக்கே அந்த மெஷினைச் சொல்லிக் குடுங்களேன்" என்று ஒரு பெண் கேட்டது அந்தக் கூச்சலில்தான். பாதிப் பேர் கற்றுக்கொண்டு தங்கினார்கள். மீதிப் பேருக்கு வேறு கம்பெனிகளில் முதலாளியே சொல்லிவைத்தார். எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை.

போன வருடம் எனக்கு இருதய ஆபரேஷன். வந்தவர்களெல்லாம் "சின்ன ரிப்பேர்தான், ஒண்ணுமே இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அக்கா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குதுங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

"எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க."

அதற்கப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.