கதிரவெளிக் கல்லும் கல்குடாக் கல்லும்

வாழைச்சேனை,
14.09.1999

என்றும் அன்புள்ள மகன் கதிர்காமத்தம்பிக்கு,

கதிர்காமத்தான் கிருபையால் நானும் அம்மாவும் இங்கு உயிரோடு சுகம். 'உயிரோடு' என்ற சொல்லை வெட்டச் சொல்லி அம்மா நிற்கிறா, சுகம் என்றாலே உயிரோடுதானாம். இந்த ஊரில் அது வேறு, இது வேறு என்று நான் வெட்டாமல் விட்டிருக்கிறேன். உனது சுகத்தையும், யப்பானில் சோறு கிடைக்கிறதா என்பதையும், உன் பேராசிரியரின் சுகத்தையும் அறிய ஆவல்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. முதல் பக்கம் விளங்கியது. போன வருடம் சித்திரை வைகாசியில் கடல் சூடேறி முருகைக்கல்லெல்லாம், புத்தகத்தில் பவளப்பாறை என்பது, வெளிறிச் செத்தபோது சிலது மட்டும் சாகாமல் நின்றது ஏன் என்று நீ படிக்கிறாய். ஒரே இனக் கல்லுத்தான், ஆனால் நம் கல்குடாப் பக்கம் ஆழமில்லாத சூட்டிலும் ஆற்றுச் சேற்றிலும் தலைமுறை தலைமுறையாய்க் கிடந்ததன் வித்து ஒரு மாதிரியும், கதிரவெளியில் தெளிந்த குளிர்ந்த தண்ணீரில் வளர்ந்ததன் வித்து வேறு மாதிரியும் இருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது என்கிறாய். இது எனக்குப் புதிதில்லை. ஆற்றோரத்து உப்பேறின வயல் வட்டையில் நின்று பிடிக்கிற நெல்லை மேட்டு வட்டை நெல்லோடு கலந்து விதைக்க எந்தப் போடியார் சம்மதிப்பார்? இரண்டு இடத்திலும் பத்துப் பத்துத் துண்டு, நகமளவு, ஸ்பிரிட் ஊற்றின போத்தலில் என்று எழுதியிருந்தாய். அதுவும் விளங்கியது. கடைசி வரிதான் என்னைக் கொன்றது. 'உங்களுக்குக் கஷ்டமென்றால் சொல்லுங்கள் அப்பா, பங்குனி லீவில் நானே வந்து எடுக்கிறேன்.'

மகன், உனக்கு இருபத்தாறு வயது. அந்த வயது இளந்தாரி கொழும்பிலிருந்து இங்கு வர எத்தனை ஆமிச் சென்றி, எத்தனை சோதனை தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாயா? பின்வளவு நாகரெத்தினத்தின் மூத்தவன் தாயின் முப்பத்தோராம் நாளுக்கு வந்தான். சென்றியில் ஆள்காட்ட நிறுத்தியிருந்த, முகத்தைச் சாக்கால் மூடின ஒருத்தன் தலையை ஆட்டினான். ஈ கடித்தும் ஆட்டியிருக்கலாம். பிடித்துக்கொண்டு போன பிள்ளை இன்னும் வீடு வரவில்லை. நாகரெத்தினம் இப்பவும் ரோட்டில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பிப் படலைக்கு வாறார். அதைப் பார்த்த கண்ணால் நான் உன்னை வா என்று எழுதுவேனா?

ஆகவே நானே எடுப்பதென்று தீர்மானித்தேன். கடதாசி ஆலை ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் ஒரு ஆணி குறையாமல் பொறுப்புக் கொடுத்தவன், இருபது கல்லுக்குப் பயப்படுவதா? பயந்தேன். அது வேறு. கல்குடாக் கல் எடுக்கிற அன்றைக்கு விடிய எழும்பி, மீன் பிடிக்கிற நம் கோணாமலையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் முழுகினான், நீ அனுப்பின வெப்பமானியைக் கயிற்றில் கட்டி நான் தண்ணீரில் இறக்கினேன், கொப்பியில் '7.10, 4 அடி, 31, பத்துத் துண்டு' என்று நீ சொன்னபடியே ஒழுங்காக எழுதினேன், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி அந்த ஒழுங்குதான் என்னைக் கெடுத்தது, ஏனென்றால் திரும்பி வரும்போது சென்றியில் ஒரு சிப்பாய் பையைக் கொட்டி, கொப்பியைப் பார்த்து, மூக்கைச் சுருக்கிப் போத்தலை மணந்து, "மே மொகத்த?", இது என்ன என்று கேட்டான். "கல்லு" என்றேன். முப்பத்தொன்று என்றால் எத்தனை பேர், நாலு அடியில் நிலத்துக்குள் என்னத்தைத் தாட்டாய், ஏழு பத்துக்கு என்ன நடக்கப் போகுது என்று அவனுக்கு மேலான ஆமிப் பெரியவர் வந்து கேட்டார். ஆலையில் படித்த சிங்களம் முழுவதும் பறந்து இரண்டு சொல்தான் மிஞ்சியது. "மூதட உண" என்றேன். கடலுக்குக் காய்ச்சலாம்! கோணாமலை கண்ணை மூடிக்கொண்டான். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், பிறகு அதை எடுத்துத் தன் கமக்கட்டுக்குள் வைத்தார். மனுசனுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சலாம். முப்பத்தொன்பது காட்டியது. "லொக்காட உண" என்று, அதாவது பெரியவருக்குத்தான் காய்ச்சல் என்று, நானே வாய் தவறிச் சொல்லிப் போட்டேன். அவர் சிரித்தார். கல்லைத் தந்தார், கொப்பியைத் தந்தார், வெப்பமானியை வைத்துக்கொண்டார். உன் பேராசிரியரிடம் அது உடைந்தது என்று சொல்லு.

அது முடிய, மறுகா கதிரவெளிக் கல் மிச்சம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கத்துப் பெரிய சென்றியையும் தாண்டவேணும், அந்தப் பக்கம் இயக்கப் பொடியள் மறித்து, ஆமிக்காரன் உன்னை ஏன் விட்டான் என்று கேட்பதற்கும் மறுமொழி வேணும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பகலிலேயே தெரியுது. செத்தாலும் அந்த ரோட்டால் போகேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கோணாமலை கதிரவெளியில் பிறந்தவன், இங்கே பெண் எடுத்து, நம் வழக்கப்படி பெண்ட வீட்டோடு வந்து இருப்பவன். அங்கே அவனுக்கு அக்கா இருக்கிறா, அவனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆகவே அவனை அனுப்பினேன். எதற்காக இரண்டு இடம் என்று கேட்டான். நெல்லு, வட்டை என்று விளங்கப்படுத்தினேன். "வயல் கதை எனக்கென்னத்துக்கு ஐயா?" என்றான். பிறகு அவனுக்கு விளங்குகிற பாசையில், "நாம சம்பந்தம் பேசக்குள்ள தாய்வழியில என்ன குடி எண்டு பாக்கமா? அதுபோல தம்பி கல்லுட குடியப் பாக்கப் போறான். கல்குடாக் குடி பத்து, கதிரவெளிக் குடி பத்து" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் பத்துப் போத்தலோடு வந்து நின்றான். தண்ணீர் எப்படியடா என்றேன். "சில்லெண்டு கிடந்திச்சி" என்றான். வெப்பமானி இல்லாத குறைக்கு 'சில்லென்று' என்றே கொப்பியில் பதிந்திருக்கிறேன்.

இருபது போத்தலும் பஞ்சு சுற்றி, பெட்டி கட்டி, பெயரெழுதி இருக்கிறது. கருவாடு ஏற்றிக் கொழும்புக்குப் போகிற ஹலீமின் லொறியில் இந்தக் கடிதத்தோடு வரும். கருவாட்டு மணத்துக்கு அந்தப் பெட்டியை ஒருவரும் கிண்டமாட்டார்கள் என்று ஹலீம் சொல்கிறான். ஆகவே உனது வேலை முடிந்தது. எனது பயமும் முடிந்தது. இன்றிரவு நான் நித்திரை கொள்ளுவேன். பங்குனியில் அங்கே ஏதோ பூப்பூக்குமாம், அதைப் பார்த்துக்கொண்டு இரு.

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்கிறா. நாகரெத்தினம் சுகம் விசாரித்தார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மாமாங்கப் பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும். அவருக்கு இங்கே வேலை கூட, ஆனாலும் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வ. கனகசூரியம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் கோணாமலை மீன் கொண்டு வந்தான். தேத்தண்ணி கொடுத்த அம்மா, "கதிரவெளியில அக்கா எப்பிடி இருக்கா?" என்று ஒரு சொல்லுத்தான் கேட்டா. "அவவைக் கண்டு ரெண்டு வருசம் அம்மா" என்றான். கோப்பை அவன் கையிலேயே நின்றது. அவன் போகவே இல்லை, மகன்! சென்றி மட்டும் போய், பயந்து கிறுகி வந்து, மூன்றாம் நாள்வரை மைத்துனன் வீட்டில் ஒளித்திருந்துவிட்டு, அந்தப் பத்தையும் கல்குடாவில் அதே இடத்திலேயே உடைத்திருக்கிறான். ஏச வாயெடுத்தேன். "நான் ஒண்டும் களவு செய்யல்ல ஐயா. நான் இஞ்ச வந்து முப்பது வருசம், என்ட குடி மாறிச்சா? அந்தக் கல்லுகளும் கதிரவெளியில இருந்து நீரோட்டத்தில வந்து ஒட்டினதுதான். கிடக்கிறது இஞ்ச, குடி அங்க. நீங்கதானே குடி எண்டு சொன்னீங்க" என்றான். ஒருவேளை அவன் சொல்வதும் சரியோ என்று உன் பேராசிரியரைக் கேட்டுப் பார். ஆனால் லொறியிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன். பொய்க் கல்லை அனுப்பி, அதால் உன் கணக்குப் பிழையாகி, அதைத் திருத்த நீ புறப்பட்டு வந்தால் நான் என்ன செய்ய?

ஹலீமின் லொறி வாசலில் நிற்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். மேலே சத்தியம் செய்ததாக எழுதினதை வெட்டிவிடு. நாளை விடிய முதல் பஸ்சில் நான் கதிரவெளிக்குப் போறன். அம்மா தன் தலையில் அடித்த சத்தியத்தைத் திருப்பித் தந்துவிட்டு, இடியப்பம் கட்டித் தாறதாகச் சொல்கிறா. கோணாமலையும் வாறான், அழுதுகொண்டு வாறான். வெப்பமானி இல்லாதபடியால் கையை வைத்துத்தான் பார்ப்பேன். கை நடுங்கும், ஒரு பாகை கூட்டிக் குறைத்து எழுதிக்கொள்.

கல்லு வரும். நீ வராதே.