இனிப்பு வேண்டாத கரப்பான்கள்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தொழிற்சாலை கேண்டீனில் மேற்பார்வையாளராகக் காலம் தள்ளும் உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கரப்பான்பூச்சிகள் அனைவரும் சௌக்கியம். அவர்கள் சௌக்கியமாக இருப்பதால் நான் சௌக்கியமில்லை. அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

வரும் வெள்ளிக்கிழமை சுகாதார ஆய்வாளர் வருகிறார். சமையலறையில் ஒரு கரப்பான் தென்பட்டாலும் என் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஐந்து வருடமாக நானே என் கையால் சர்க்கரைப் பாகில் விஷத்தூளைக் கலந்து உருண்டை பிடித்து மூலைக்கு மூலை வைக்கிறேன். முதல் வருடம் செத்து விழுந்ததைக் கூட்டி அள்ளக் கை ஓய்ந்துபோனது. இப்போதோ வருகின்றன, மீசையால் தொட்டுப் பார்க்கின்றன, பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டார் போலத் திரும்பிப் போய்விடுகின்றன. சர்க்கரையை இரட்டிப்பாக்கினேன். இன்னும் வேகமாகப் போயின. சமையல்காரர் வேறு, "சார், ஒங்க கைப்பக்குவம் அதுங்களுக்குப் புடிக்கல போல" என்று பல்லைக் காட்டுகிறார்.

உயிரியல் வாத்தியார் ஆயிற்றே என்று உங்களுக்குப் போன் போட்டு, "அதுங்க புத்திசாலி ஆயிடுச்சு அத்தான்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "அதுங்க ஒண்ணும் கத்துக்கலடா. கூட்டத்துல மொதல்லயே இனிப்பு புடிக்காதது ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். புடிச்சதையெல்லாம் நீ கொன்னுட்டே. தப்பிச்சது பெத்ததுக்கும் அதே கொணம். அதுங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தலைமுறை. இதுதான்டா இயற்கைத் தேர்வு!" என்றீர்கள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை அத்தான். சொந்த மகளுக்கு ஒரு வரன் அமைக்கத் துப்பில்லை என்று வீட்டில் பேர் வாங்கியவன், இனிப்பு பிடிக்காத கரப்பானுக்கு இனிப்பு பிடிக்காத கரப்பானாகப் பார்த்து ஐந்து வருடமாகக் கல்யாணம் முடித்து வைத்திருக்கிறேன்!

மனம் நம்ப மறுத்தது. சோதித்துவிடலாம் என்று ஒரு தட்டில் பாகும் இன்னொன்றில் வெறும் மாவு உருண்டையும், விஷம் கலக்காமல், மேனேஜர் லீவில் இருந்த தைரியத்தில் அவர் மேஜையிலேயே வைத்தேன். மறுநாள் காலை மனுஷன் லீவை ரத்து செய்துவிட்டு வந்து நிற்கிறார். பாகுத் தட்டு அப்படியே கிடக்கிறது. மாவுத் தட்டில் பந்தி நடக்கிறது.

"யாருக்குய்யா விருந்து?" என்று கத்தினார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார், எல்லாம் இயற்கை" என்றேன்.

"அப்ப இயற்கைக்கே சம்பளத்தக் குடுத்துடறேன், நீ கெளம்பு!"

கையைக் காலைப் பிடித்து வெள்ளிவரை தவணை வாங்கியிருக்கிறேன். இன்றே விஷத்தை மாவில் கலந்து வைக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது. இது இயற்கையின் குற்றம், என் மைத்துனன் நிரபராதி என்று உங்கள் கையெழுத்தில் ஒரு சான்றிதழ் அனுப்பிவையுங்கள். ஒரே பொருளை வருடக்கணக்கில் வைக்கும் மடத்தனத்தை இனி ஜென்மத்துக்கும் செய்யமாட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் பெருவாழ்வு வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன், இன்று வெள்ளி. சான்றிதழ் வேண்டாம். மாவு உருண்டையில் அத்தனை கரப்பானும் காலி. ஆய்வாளர் பாராட்டிவிட்டுப் போனார். மேனேஜர் முதுகில் தட்டி, இனி மாவு உருண்டையையே நிரந்தரமாக வைக்கச் சொன்னார். ஐந்து வருடத்துக்குக் காணும் அளவு மாவும் விஷத்தூளும் இறக்கியாயிற்று. கடைசியாகக் கூட்டும்போது ஒன்றே ஒன்று மட்டும் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பியது. முட்டைப் பையோடு இருந்தது அத்தான். பிள்ளைத்தாய்ச்சி, பாவம் என்று வழிவிட்டுவிட்டேன்.