வரிக்குதிரையை உரசியவர்

"இது மிதக்கும்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் உரைகல்.

படகில் லைஃப் ஜாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். படகோடு போய்ப் படகோடு வருகிறவள். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகளைக் கொடுப்பதும், திரும்ப வாங்கித் துவைத்துக் காயப்போடுவதும் அவள் வேலை.

"போட்டுக்கிட்டா நீங்க மிதப்பீங்க. போடலன்னா அது மட்டும் மிதக்கும்," என்றாள்.

உரைகல்லுக்கு இந்தப் பதில் போதவில்லை. ஜாக்கெட்டை அமுக்கினார், தட்டினார், மோந்து பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகும் விடாமல், படகின் விளிம்பில் குனிந்து அதைக் கடல்நீரில் முக்கிப் பார்த்தார். மிதந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து அவர் தலையில் அடித்துவிட்டுப் போனது.

"திருப்தியா?" என்றாள் அவர் மனைவி.

"இப்ப மிதக்குது. நடுக்கடல்ல என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி, ஈரத்தலையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, ஈர ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்.

உரைகல் என்பது அவருடைய பெயரல்ல. வங்கியில் அடகுக்கு வரும் நகைகளைக் கல்லில் உரசிப் பார்த்து, தங்கமா பித்தளையா என்று சொல்கிற மதிப்பீட்டாளர் வேலை அவருக்கு. அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் மெல்ல வீட்டு வாசல் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாமே போலி என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் எதிலும் ஏமாற வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. கல்யாணமான மறுநாளே மனைவியின் வளையலை உரசிப் பார்த்தவர் அவர். அந்தம்மாள் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

இன்றைக்கு அவர் உரசிப் பார்க்க வந்திருப்பது ஒரு மனுஷனை.

ஒரே மகள் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் இந்தத் தீவில் இருக்கும் விலங்குப் பூங்காவில் கைடு. வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றி, சிங்கம் புலி காட்டிவிட்டு, சாயங்காலம் படகேற்றி அனுப்புகிறவன்.

"நாள் பூரா பேசிப் பொழைக்கிறவன். அவன் வாயில நெசம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் உரைகல்.

"நீங்களே போய்ப் பாருங்கப்பா," என்றாள் மகள், அழுது வீங்கிய கண்களோடு. "நீங்க யாருன்னு நான் அவர்கிட்ட மூச்சு விட மாட்டேன். ஒரு பொய் அகப்பட்டாலும் நான் அவர மறந்துடறேன். அகப்படலன்னா நீங்க மறுபேச்சு பேசக் கூடாது."

பேச்சு பேச்சாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக டிக்கெட்டைத் தன் மைத்துனர் பெயரில் வாங்கினார். முந்தின நாள் சாயங்காலம் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது நாலைந்து வயது குறைந்து, வேற்றாள் மாதிரிதான் இருந்தார். பொய்யைப் பிடிக்கப் போகிறவர் பொய்ப் பெயரில் போவதைப் பற்றி அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

தீவில் இறங்கியதும் கைடு கைகுவித்து வரவேற்றான். ஒல்லியான பையன், வெளுத்துப்போன காக்கிச் சட்டை, அதிராத பேச்சு. உரைகல்லுக்கு அதுவே சரியாகப் படவில்லை. ஏமாற்றுகிறவன் என்றைக்குக் கத்திப் பேசியிருக்கிறான்?

மேல்கூரை இல்லாத ஜீப். தலைசுற்றல் வரும் என்று மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நடு இருக்கையில் ஒரு புதுமணத் தம்பதி. கடைசி இருக்கைதான் எல்லாரையும் நோட்டம் விட வசதி என்று உரைகல் அங்கே ஏறிக்கொண்டார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தையற்காரர்.

முதலில் யானை வந்தது.

"இதுக்கு என்ன வயசு?" என்றார் உரைகல், கொக்கி போடுகிற குரலில்.

"சரியாத் தெரியல சார். கேட்டுட்டு வந்து சொல்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டானே என்று உரைகல்லுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தார். நல்லவன் மாதிரி நடிக்கிறவன் முதலில் கற்றுக்கொள்வதே இதைத்தான்.

அடுத்து ஒரு மரத்தடியில் சிங்கம் படுத்திருந்தது. கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் கிடந்தது.

"பஞ்சு வச்சுத் தச்சதா?" என்று தையற்காரரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"எனக்குத் துணிதான் தெரியும், சிங்கம் தெரியாது," என்றார் அவர்.

"தூங்குது சார். பெரும்பாலும் பகல்ல தூங்கும்," என்றான் கைடு. "சத்தம் போடாம பாத்துட்டுப் போயிடலாம்."

ஏன் சத்தம் போடக் கூடாது? உரைகல்லுக்கு மூக்கு வேர்த்தது. இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினார். சிங்கம் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு எழுந்தது. பிறகு ஜீப்பை நோக்கி நடந்து வந்தது. டிரைவர் வந்த வழியே வண்டியைப் பின்னால் ஓட்டினார். அந்த ஓட்டத்தில் புதுமணப் பெண்ணின் கண்ணாடி உடைந்தது, எல்லாரும் ஆசையாகக் காத்திருந்த ஒட்டகச்சிவிங்கித் திடலுக்குப் போகிற பாதையும் தவறிப்போனது.

"யார் தட்டினது?" என்று முன்னாலிருந்து மனைவி கேட்டாள். யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"தப்பு என்னோடதும்தான். நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்," என்று கைடு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறானே, இவன் சாதாரண ஆளில்லை என்று உரைகல் உஷாரானார்.

கெட்ட பெயரைச் சரிக்கட்ட ஒரே வழி, ஒரு போலியையாவது சீக்கிரம் பிடித்துக் காட்டுவதுதான். அது முதலைக் குளத்தில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். மேலே தாழ்வான மரப்பாலம். கீழே ஒரு முதலை, சிமெண்டில் வார்த்த மாதிரி, முதுகில் பாசி படர்ந்து கிடந்தது. அது நிஜம்தான் என்று கைடு சொல்லி வாய் மூடவில்லை. வெயிலுக்குப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியின் குடையை உரைகல் மடக்கி, கம்பிகளுக்கு நடுவே விட்டு, அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

சிமெண்ட் வாயைத் திறந்தது. குடையின் கைப்பிடி மட்டும் அவர் கையில் மிஞ்சியது.

"எங்கம்மா குடுத்த குடை," என்றாள் மனைவி. குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது. "சாயங்காலம் வரைக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் அதன் பிறகு ஒரு முறைகூடப் பின்னால் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. குடையும் இல்லை, கூரையும் இல்லை. உரைகல்லுக்கு நெற்றியிலும் பிடரியிலும் வேர்வை ஊற்றியது. கண்ணை விலங்குகளிலிருந்து எடுக்காமலே கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதையும் தவறவிடக் கூடாது.

சற்று நேரத்தில் ஒரு விஷயம் அவருக்குப் புலப்பட்டது. புதுமணத் தம்பதி திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தையற்காரர் தன் வெள்ளைச் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

ஓகோ, இவர்களும் உடந்தையா என்று நினைத்தார் உரைகல். கூட்டம் சேர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கைடும் அவரைப் பார்த்தான். பார்த்தவன் ஒரு கணம் தயங்கி, தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு சார். இத வச்சுக்குங்க."

"எதுக்கு?"

"சும்மாதான் சார்."

சும்மா யார் எதைக் கொடுப்பார்கள்? இது வாயை அடைக்கிற வழி. "எனக்கு வேண்டாம்," என்று கறாராகச் சொன்னார்.

கடைசியாக வரிக்குதிரைகள். வேலி ஓரமாக எல்லாரையும் இறக்கிவிட்டு, ஆளுக்கொரு கேரட்டைக் கையில் கொடுத்தான் கைடு. மனைவி மட்டும் ஜீப்பிலேயே, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிக்குதிரை நேராக உரைகல்லிடம் வந்து, கேரட்டைக் கடித்தது. இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த மதிப்பீட்டாளர் எழுந்து உட்கார்ந்தார். இவ்வளவு வெள்ளையில் இவ்வளவு கறுப்பு, கோடு போட்ட மாதிரி, இயற்கையில் எப்படி வரும்? இது கழுதை. சாயம் பூசிய கழுதை.

கைக்குட்டையை எடுத்து அதன் கழுத்துக் கோட்டில் அழுத்தி ஒரு தேய் தேய்த்தார். பிரித்துப் பார்த்தார்.

கறுப்பு. அட்டைக் கறுப்பு.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கைக்குட்டையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க. சாயம் போவுது. நம்ம எல்லார் மூஞ்சிலயும் கரியப் பூசறாங்க."

புதுமணப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு வேலியைப் பிடித்தான். அவன் மனைவிக்குச் சிரிப்பை அடக்கிக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கைடு ஓடி வந்தான். கைக்குட்டையைப் பார்த்தான். உரைகல்லைப் பார்த்தான். மறுபடி கைக்குட்டையைப் பார்த்தான்.

"என்ன தம்பி இது?" என்றார் உரைகல். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அது வந்து... சேறு சார்," என்றான் கைடு. "காலைல சேத்துல பொரண்டிருக்கும்."

"சேறு இப்படி மினுங்குமா? நான் கண்ணால எடை போடறவன்ப்பா."

"சேறுதான் சார்."

சொல்லிக்கொண்டே, அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற தம்பதியைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டினான். உரைகல் சட்டென்று திரும்பி அதையும் கையும் களவுமாகப் பார்த்துவிட்டார்.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சைகையா? ஆபீசுல சொல்றேன். உன் வேலையே போயிடும்."

கைடின் முகம் வாடியது.

"தாராளமாச் சொல்லுங்க சார். என் பேர்லயே சொல்லுங்க," என்றான் தணிந்த குரலில். "ஆனா ஆபீசுல நெறைய பேர் இருப்பாங்க. போறப்ப இந்தத் தொப்பிய மட்டும் வச்சுக்கிட்டுப் போங்க."

"குல்லா போடற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்," என்றார் உரைகல்.

ஆபீசுக்குப் போக நேரமிருக்கவில்லை. படகு ஊதிவிட்டது. துறைக்கு வந்தபோது மனைவி முன்னாலேயே போய்க் கடலைப் பார்த்து நின்றிருந்தாள். ஜாக்கெட் அம்மாள் ஒரு வாளிக்கு முன்னால் குந்தி எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். கைடு வயதானவர்களுக்குக் கைகொடுத்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா," என்றார் உரைகல், மனைவியின் முதுகைப் பார்த்து. "நாள் பூரா ஒரே ஒரு பொய்தான். ஆனா வசமா மாட்டிக்கிட்டான்."

அவள் திரும்பவில்லை. "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. என்னால ஆகாது."

மகளின் வீங்கிய கண்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. பாவம், நல்ல பெண். அவளுக்காகத்தானே இத்தனையும்? அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கைக்குட்டையை உயர்த்தினார்.

"நான் ஒண்ணும் அநியாயக்காரன் இல்ல. இந்தக் கறுப்பு அந்தக் கழுதையோடது இல்லன்னு இங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லட்டும். எங்க பொண்ண இந்தப் பையனுக்கே குடுக்கறேன். நாளைக்கே நானே போய்ப் பேசி முடிக்கிறேன்."

கைடுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல வெறித்துப் பார்த்தான். வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். தம்பதி கால் விரலைப் பார்த்தார்கள். தையற்காரர் இருமினார்.

"பாத்தியா, ஒருத்தருக்கும் வாய் வரல," என்றார் உரைகல். ஜெயித்த களிப்பில் படகில் கால் வைத்து, ஜாக்கெட் அம்மாளிடம் கையை நீட்டினார். "நல்லதா ஒண்ணு குடும்மா. காலைல குடுத்த மாதிரி வேண்டாம்."

அவள் வாளியிலிருந்து, கழுத்துப் பட்டை முழுக்கக் கறுத்துப்போன ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்துப் பிழிந்து அவர் கையில் வைத்தாள்.

"இதயே போட்டுக்குங்க ஐயா, காலைல நீங்க கழட்டிக் குடுத்ததுலேர்ந்து தேச்சுக்கிட்டிருக்கேன், உங்க தலைச்சாயம் போக மாட்டேங்குது."