யோசேப்பை ஜெயிலில் விட்டுவிட்டு ரிடையர் ஆக முடியுமா?

இரும்புலியூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள அமலராணி அக்காவுக்கு,

தங்கை ஜெயக்கொடி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே அத்தானுடைய சுகர் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்; ஜெபத்திலும் சேர்த்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை நீயே கற்பனை செய்து தெருவெல்லாம் சொல்லிவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

உன் தங்கை வீட்டுக்காரர் ஒருவழியாக ரிடையர் ஆகிவிட்டார். தாம்பரம் ஸ்கூலில் பிரைமரி பிள்ளைகளுக்கு சாப்ளினாக, காலையில் ஜெபம் பண்ணவும் வெள்ளிக்கிழமை கதை சொல்லவும் இவர் சேர்ந்தபோது நம்ம மூத்தவன் என் இடுப்பில் இருந்தான். இப்போது அவன் மகனே ஸ்கூலுக்குப் போகிறான். அன்றைக்குக் கதை கேட்ட பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள், இவரும் கூச்சமே இல்லாமல் பிள்ளையை அதன் அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஸ்கூல் சுவரை ஒட்டியே ரயில் பாதை என்பதால், எலக்ட்ரிக் ட்ரெயின் வந்தால் கையைத் தூக்கி, வாயில் இருக்கிற வார்த்தையை அப்படியே நிறுத்தி, ட்ரெயின் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது அக்கா, இங்கேயும் ட்ரெயின் சத்தம்தானே. "ஜெயக்கொடி, குழம்புல உப்பு..." என்று கையைத் தூக்கிவிடுவார், கூடவா குறைவா என்று தெரியாமல் ட்ரெயின் போகும்வரை நான் கரண்டியோடு நிற்கணும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரிவு உபசார விழா வெள்ளிக்கிழமை மத்தியானம். பப்ஸ் ஆர்டர் என் பொறுப்பு. பிள்ளைக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று, மேடைக்கு ரெண்டு என்று கணக்குப் பிசகாமல் சொல்லியிருந்தேன். ஹெச்.எம். ஹேமாவதி மேடம் ஏற்புரைக்கு அஞ்சு நிமிஷம் கொடுத்திருந்தாங்க. இவரும் பேப்பரில் எழுதி, அழாமல் படிக்கணும் என்று என் முன்னாடி படித்துப் படித்துப் பழகினார். அதில் நானும் ஒரு வரி வந்தேன். மாலை போட்டாங்க, சால்வை போட்டாங்க, புதுசா வந்திருக்கிற சாப்ளின், டேனியல்னு சின்ன வயசு, அவரையும் மேடையில் உட்கார வெச்சாங்க. இவர் எழுந்து பேப்பரைப் பிரிக்கிறார், மூணாம் கிளாஸ் வரிசையில் சினேகான்னு ஒரு பொண்ணு, முன்பல் ரெண்டும் விழுந்தது, கையைத் தூக்கிட்டு நிக்குது. டீச்சர் முறைச்சும் உட்காரலை.

"ஐயா, யோசேப்பு இன்னும் ஜெயில்லதான் இருக்காரு."

அண்ணன்மார் குழியில தள்ளி வித்துப்போட்ட யோசேப்பு கதைதான் அக்கா. நம்ம சண்டே ஸ்கூல்ல ஒரே வாரத்துல முடிச்சாங்க. இவர் ஜூன் மாசத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கார். யோசேப்பை ஏத்திக்கிட்டுப் போன ஒட்டகம் ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்ல மாட்டினதே ரெண்டு வெள்ளிக்கிழமை. கடைசியா எங்க நிறுத்தினார்னா, கூட ஜெயில்ல இருந்த ராஜாவோட வேலைக்காரன் விடுதலையாகிப் போறான், உன்னைப் பத்தி ராஜாகிட்ட சொல்றேன்னு யோசேப்புக்கு வாக்குக் கொடுக்கிறான், வெளியே போனதும் மறந்துடுறான். அதுக்கப்புறம் பரீட்சை, லீவு, இப்போ மாலையும் சால்வையும். ஹேமாவதி மேடம், மீதியைப் புது ஐயா சொல்வார், உட்காரும்மான்னாங்க. அதுக்கு அந்தப் பொண்ணு இவரையே பார்த்துச் சொல்லுது: "நீங்களும் அந்த வேலைக்காரன் மாதிரி, வெளிய போனா எங்கள மறந்துடுவீங்க."

இவர் ஏற்புரையை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சார். மாலையைக் கழட்டி நாற்காலியில் மாட்டினார். மேடைப் படியில உட்கார்ந்து ஆரம்பிச்சுட்டார்.

சீக்கிரம் சொல்ல இவருக்கு வராதே. ராஜா கனவில் வந்த ஒல்லி மாடு ஏழும் தாம்பரம் மார்க்கெட்ல போஸ்டர் தின்னுச்சு. கனவுக்கு அர்த்தம் சொன்ன யோசேப்பு ஜெயில்லேர்ந்து வந்து எகிப்துக்கே அதிகாரி ஆனார். ஸ்கூல் விடுற மணி அடிச்சு முடிஞ்சது, வேன் டிரைவர் வெற்றிவேல் கதவுகிட்ட வந்து, "இன்னா சார், பசங்கள எப்ப வுடுவீங்க"ன்னு சத்தம் போட்டான். கொஞ்ச நேரத்துல பார்க்கிறேன், கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து, "அண்ணன்காரனுங்க அடையாளம் கண்டுக்கினாங்களா இல்லியா"ன்னு பக்கத்துல இருக்கிற பையனைக் கேட்டுக்கிட்டு இருக்கான். மத்த டிரைவருங்களும் உள்ளே வந்தாச்சு. என் பப்ஸ் கணக்கு அதோட போச்சு; மேடைக்கு வெச்சதையும் எடுத்துக் கொடுத்துட்டேன். பஞ்சத்துல அண்ணன்மார் தானியம் கேட்டு வந்து நிக்கிறாங்க, யோசேப்பு அரண்மனை ஆளுங்க எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, "நான்தான்..." இவர் கையைத் தூக்கிட்டார். ட்ரெயின். அதுவும் நிக்காம போற எக்ஸ்பிரஸ், முடியவே மாட்டேங்குது. ஹால் முழுக்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, பிள்ளைங்க, டீச்சருங்க, டிரைவருங்க, நானும். ட்ரெயின் போச்சு.

"நான்தான் உங்க தம்பி."

அழாமல் பழகினதெல்லாம் வீணாப் போச்சு அக்கா. வெற்றிவேல் காக்கிச் சட்டைக் கையில கண்ணைத் துடைச்சான். நான் எங்கே துடைச்சேன்னு கேட்காதே.

அப்பா யாக்கோபும் வந்து சேர்ந்து, குடும்பமே எகிப்தில் குடியேறி, கதை முடிந்தது. இவருடைய வேலையும் முடிந்தது. அன்றிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார், உப்பு பற்றிக்கூட ஒன்றும் சொல்வதில்லை. பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் வருகிற வெள்ளிக்கிழமை நீயும் அத்தானும் வந்து ஒரு வாரம் இருங்கள். இனி இவர் வீட்டோடுதான்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வாசலைக் காப்பாராக. அத்தானுக்கு ஸ்தோத்திரம்; முறுக்கு டப்பாவை அவர் கண்ணில் காட்டாதே.

இப்படிக்கு,
உன் ஜெயக்கொடி

பி.கு.: திங்கள் சாயங்காலம். வெள்ளிக்கிழமை வராதே அக்கா. கவர் ஒட்டுறதுக்குள்ள டேனியல் வந்து உட்கார்ந்திருக்கார், காப்பியைத் தொடலை. அன்னைக்கு வேன் ஏறும்போது அந்த சினேகா, அப்புறம் என்ன ஆச்சுன்னு இவரைக் கேட்டிருக்கு. இவரும், "அப்புறம் யோசேப்பை யாருன்னே தெரியாத ஒரு புது ராஜா வந்தான்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தி வேனை அனுப்பியிருக்கார். என்கிட்ட மூச்சு விடலை. இன்னைக்கு டேனியல் கிளாஸுக்குள்ள போனதும் மொத்தப் பிள்ளைங்களும் கடைசி பெஞ்சுக்கு ஓடிப் போச்சாம். "ஐயா, நீங்கதான் அந்தப் புது ராஜாவான்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?" இவர், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாச்சான்னு என்னைக் கேக்குறார். அடுத்த கதையில, அந்தப் புது ராஜாகிட்டேர்ந்து தப்பிச்ச ஜனங்க நாற்பது வருஷம் வனாந்தரத்துல நடக்கிறாங்க அக்கா.